கிருபாபுரத்துத் தாய்

வண்டியில் ஏறியதும் ஞானப்பூ செய்கிற முதல் காரியம், படப்பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வதுதான். "அது வைக்கோலுக்குள்ள சொகமா இருக்கும். நீங்க காலை நீட்டி உக்காருங்க" என்று வண்டிக்காரர் சங்கிலிபூதத்தான் ஒவ்வொரு பயணத்திலும் சொல்வார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். களக்காட்டுச் சாலைப் பள்ளங்களில் வண்டி இறங்கி ஏறும்போது இரண்டு கையாலும் பெட்டியை அணைத்துக்கொள்வாள். உள்ளே இருந்தவை படம் பதிந்த கண்ணாடித் தகடுகள். அவற்றில் ஒரு தகட்டில் அவளுடைய மகன் பிச்சைக்கண்ணு நின்றுகொண்டிருந்தான். செத்துப்போன அந்தப் பிள்ளையின் முகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் குருவானவர் யோவேல். தாமிரபரணிக்கு வடக்கும் தெற்குமாக இருந்த ஊர்ச்சபைகள் சேர்ந்து தெலுங்கு தேசத்துக்கு ஊழியக்காரரை அனுப்ப ஒரு சங்கம் வைத்திருந்தன. அதற்குக் காரியதரிசி அவர்தான். சீமையிலிருந்து நமக்கு ஆள் அனுப்பினார்கள், நாம் எந்தக் காலத்தில் ஒருத்தரை அனுப்பப் போகிறோம் என்று கேட்டுக் கேட்டே அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. மனுஷர் சும்மா பேசிவிட்டுப் போகிறவர் இல்லை. சமைக்க அரிசி எடுக்கும்போது ஊழியத்துக்கென்று ஒரு பிடி போடுவதற்கு வீட்டுக்கு வீடு பானை வைக்கச் சொன்னார். தெலுங்கு தேசத்து வரைபடத்தைத் துணியில் எழுதிவாங்கி ஆலயச் சுவரில் மாட்டினார். மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் வாசிக்க ஒரு கைச்சுவடி அச்சடித்தார். மண்ணெண்ணெய் விளக்கு வைத்துத் துணியில் படம் காட்டுகிற பெட்டியைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். சபைகளை எழுப்பிவிட அவர் சேர்த்துவைத்த இந்தச் சாமான்களில் கடைசியாக வந்து சேர்ந்தது ஞானப்பூ.

அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் வந்துகொண்டிருந்தாள்.

முக்கூடலுக்குப் பக்கத்தில் பனையும் கிணற்றுத் தோட்டமுமாக இருக்கிற கிருபாபுரம் அவள் ஊர். அவளும் அவள் புருஷன் நேசையாவும் மூன்று பிள்ளைகளை அடுத்தடுத்து மண்ணுக்குக் கொடுத்தார்கள். நாலாவது தங்கியது. கடவுள் போட்ட பிச்சை என்று பிச்சைக்கண்ணு என்றே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவனுக்கு மீசை அரும்பும் முன்னால் நேசையா பனையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு வீட்டில் அவளும் பிள்ளையும்தான். பிள்ளை படித்தான், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனான், சாயங்காலம் வந்ததும் அடுப்படியில் குந்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னான். அதற்கு மேல் ஞானப்பூ ஒன்றும் கேட்கவில்லை.

யோவேல் ஐயா கிருபாபுரத்துக்கு வந்து பிரசங்கம் பண்ணிய அன்று பிச்சைக்கண்ணு எழுந்து நின்று, நான் போகிறேன் என்றான். வீட்டுக்கு வந்து, "ஒனக்குச் சம்மதந்தானம்மா?" என்று கேட்டான். அவள் புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். "ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கியே. அப்ப சம்மதம்னு எடுத்துக்கிடுதேன்" என்று சிரித்தான். அவள் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் கடவுள் கேட்டதை இல்லை என்று சொன்ன வீடு விளங்குமா என்று ஊர் பேசும். ஊரை விடுங்கள், அவளுக்கே அந்தப் பயம் இருந்தது. மூன்றைக் கொடுத்தவளுக்கு அந்தப் பயம் இல்லாமல் எப்படி இருக்கும்?

ஊழியத்துக்கு ஒருவனை அனுப்பும்போது அந்தச் சபைகளில் கைகொடுக்கிற ஆராதனை என்று ஒன்று நடக்கும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது கையைப் பிடித்துக் கொடுக்கிறோமே, அதுபோலத்தான். பீடத்துக்கு முன்னால் பெற்றவர்கள் பிள்ளையின் வலது கையை எடுத்துக் குருவானவரின் கையில் வைக்க வேண்டும். சபையார் எழுந்து நின்று பாடுவார்கள். ஞானப்பூவும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். கையைத் தூக்கப் போனவளுக்குக் கால் இரண்டும் மடங்கிவிட்டது. முழங்காலில் விழுந்து, யோவேல் ஐயாவின் அங்கியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"எம் பிள்ளைய விட்டிருங்கய்யா. எனக்கு வேற ஆரும் இல்ல. கொண்டு போயிராதிங்க."

கிருபாபுரத்தார் பாட ஆரம்பித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். பாட்டு அவள் குரலை முழுங்கிவிட்டது. யோவேல் ஐயா குனிந்து, அவள் பிடியிலிருந்து பிள்ளையின் கையைத் தாமே எடுத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கண்ணீர் தாங்கவில்லை. ஒற்றைப் பிள்ளையைக் கொடுக்கிற விதவை, முழங்காலில் நின்று, கண்ணீரோடு ஜெபம் பண்ணிக் கொடுக்கிறாளே! எழுந்து வந்தவளைக் கட்டிக்கொண்டு பெண்கள் முத்தம் கொடுத்தார்கள். அவளுக்கு யாரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிள்ளை ஆற்றுப் பாலத்து ஸ்டேஷனில் ரயிலேறிவிட்டான்.

மறுவருஷ மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். சேதியை யோவேல் ஐயாவே நேரில் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அழுதார், அது பொய்யழுகை இல்லை. அங்கே ஒரு புளியமரத்தடியில் தெலுங்கர்கள் அவனை அடக்கம் பண்ணியிருந்தார்கள்.

அதன்பிறகுதான் கைச்சுவடியில் "கிருபாபுரத்துத் தாய்" என்ற பாகம் ஏறியது. ஒரு தாய் முழங்காலில் நின்று தன் ஒரே பிள்ளையைச் சந்தோஷமாகக் கொடுத்த கதை. எழுதத் தெரிந்தவர்கள் கையில் ஏழையின் கண்ணீர் கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டுமா? சபை சபையாக வாசித்தார்கள். அந்தத் தாயைப் பார்க்க வேண்டும் என்று ஊர்கள் கேட்டன. யோவேல் ஐயா வந்து கூப்பிட்டபோது ஞானப்பூ மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் அப்போது தற்செயலாக, "பிச்சைக்கண்ணு படமும் வந்திருக்கும்மா. அங்கன போன ஒரு தொரை புடிச்சது" என்றார்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது அவள் மயங்கித்தான் விழுந்தாள். படம் நன்றாக விழுவதற்காகத் துணியை நனைத்துக் கட்டுவார்கள். விளக்கைத் தூண்டியதும் இருட்டிலிருந்து பிள்ளை வந்து நிற்பான், ஆள் உயரத்துக்கும் மேலாக. தலையில் துண்டு கட்டியிருப்பான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். அங்கே யார் அவனுக்குச் சரியாகச் சோறு போட்டார்கள் என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஆத்திரமாக வரும். சனமெல்லாம் துணிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, அவள் எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். அந்தப் பக்கமும் முகம் தெரியும். யாரும் இல்லாத அந்த இருட்டில் கையை நீட்டி அவன் நெற்றியைத் தொடுவாள். ஈரத்துணி, காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி குளிர்ந்திருக்கும்.

அதற்காகத்தான் அவள் வந்தாள். முன்பக்கம் யோவேல் ஐயா அந்தக் கதையைச் சொல்லட்டும், பின்பக்கம் என் பிள்ளை எனக்கு இருக்கிறான். இப்படித்தான் அவள் மனசைச் சரிக்கட்டி வைத்திருந்தாள்.

டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டு நடந்த மறுவருஷம் பங்குனியில் அவர்கள் போனது வள்ளியூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த ஒரு சபைக்கு. அந்த ஊரிலிருந்து சாலமோன் என்ற பையன், இருபது வயசு இருக்கும், தெலுங்கு தேசத்துக்குப் போகத் தயாராக இருந்தான். முந்தின சாயங்காலம் படம், மறுநாள் காலை கைகொடுக்கிற ஆராதனை என்று ஏற்பாடு. படம் முடிந்ததும் சாலமோனுடைய தாய் பாக்கியத்தாய் வந்து, தங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று ஞானப்பூவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

அடுப்படியில் பையனின் பயணத்துக்கு முறுக்கு சுட்டு அடுக்கியிருந்தது. கருப்பட்டி, எள்ளு, ஊறுகாய் எல்லாம் துணியில் முடிந்து வரிசையாக இருந்தன. ஞானப்பூவுக்குச் சோறு போட்டுவிட்டுப் பாக்கியத்தாய் எதிரே உட்கார்ந்தாள். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைச்சிரக் கூடாது."

"கேளு தாயி."

"அன்னைக்கு ஒங்களுக்கு எப்பிடிக்கா அந்தத் தைரியம் வந்துது? எனக்கு வரமாட்டேங்குக்கா. அந்தப் புஸ்தகத்த வாசிக்கச் சொல்லிச் சொல்லிக் கேக்கேன். கேக்கக் கேக்க எம்மேலதான் எனக்கு அருவருப்பா வருது. ஒத்தப் புள்ளைய நீங்க சந்தோசமாக் குடுத்திய. எனக்கு இவனுக்குப் பெறகு ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு, இருந்தும் இவன விட முடியலியே. நான் என்ன கிறிஸ்தவச்சி? ஆர்ட்டயும் சொல்லல, வெக்கமா இருக்கு."

ஞானப்பூவின் கையில் சோற்றுருண்டை அப்படியே நின்றது. ஒரு வார்த்தை போதும். நானும் உன்னை மாதிரிதான் தாயி, நான் கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று சொன்னால் இவள் நெஞ்சில் இருக்கிற கல் இறங்கிவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் வந்தது. சொன்னால் நாளைக்கு ஊருக்குத் தெரியும். பிறகு அவளை யார் வண்டியில் ஏற்றுவார்கள்? துணிக்குப் பின்னால் யார் விடுவார்கள்?

"கர்த்தர் பெலன் குடுப்பார்" என்றாள் ஞானப்பூ.

பாக்கியத்தாய் தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்பு ஊற்றினாள். இவ்வளவு கேவலமாக ஞானப்பூ தன்னை ஒருநாளும் நினைத்ததில்லை. திருடிய சோற்றைத் தின்கிற மாதிரி அந்தச் சோற்றைத் தின்று முடித்தாள்.

காலையில் ஆலயம் நிறைந்துவிட்டது. பக்கத்து ஊர்ச் சபைகளும் வந்திருந்தன. வழக்கமாக ஞானப்பூ பெண்கள் பக்கம் பின்னால், பாயில் ஓர் ஓரத்தில் இருந்துகொள்வாள். கைகொடுக்கிற ஆராதனைகள் சிலவற்றை அவள் அங்கிருந்து பார்த்திருக்கிறாள். அங்கேயெல்லாம் பெற்றவள் முழங்காலில் விழுவதையும் பார்த்திருக்கிறாள். அது இப்போது ஆராதனை ஒழுங்காகவே ஆகிவிட்டது. தாய் முழங்காலில் நிற்க, சபையார் பாட வேண்டும் என்று கைச்சுவடியிலேயே போட்டிருந்தது. அவளுக்குக் கால் மடங்கியதைப் பார்த்து உண்டான ஒழுங்கு. அதை நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொள்வாள்.

அன்று யோவேல் ஐயா அவளைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிட்டார். "கிருபாபுரத்துத் தாய் இந்தத் தாய்க்குப் பக்கத்தில் நிற்கட்டும். கொடுத்தவள் கொடுக்கிறவளைத் தாங்கட்டும்" என்றார். சபை முழுக்க உச்சுக் கொட்டியது.

பாக்கியத்தாய் புதுச்சேலை கட்டியிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. சாலமோன் வெள்ளை வேட்டியில் பளிச்சென்று நின்றான், நல்ல பிள்ளை, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பாட்டு தொடங்கியது. தொடங்கியதும் பாக்கியத்தாய் ஒழுங்குப்படி முழங்காலில் இறங்கினாள். ஞானப்பூவும் கூடவே குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். அப்போதுதான் கேட்டது.

"வேண்டாய்யா. என்னால முடியலய்யா. எம் புள்ளைய விட்டிருங்கய்யா."

வாய் மெதுவாகத்தான் அசைந்தது. ஆனாலும் பக்கத்தில் இருந்த ஞானப்பூவின் காதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. ஐயாவுக்குக் கேட்கவில்லையே, சொல்ல வேண்டுமே என்று நிமிர்ந்து பார்த்தாள். யோவேல் ஐயாவும் குனிந்திருந்தார். அவர் முகம் அந்தத் தாயின் தலைக்கு மேலே, ஞானப்பூவின் முகத்தைவிடக் கிட்டத்தில் இருந்தது. "முடியலய்யா" என்று அவள் சொன்ன அந்த நேரத்தில் அவருடைய இமை துடித்தது. உதட்டைக் கடித்தார். பிறகு, பாடுங்கள், இன்னும் உரக்கப் பாடுங்கள் என்று சபையைப் பார்த்து இடது கையை உயர்த்திவிட்டு, வலது கையைப் பிள்ளையின் கைக்கு நீட்டினார்.

ஞானப்பூவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பாட்ட நிறுத்துங்க!"

அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் இருந்தது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. முன்வரிசை நின்றது. "நிறுத்துங்கங்கேன்! ஒரு நிமிசம் வாய மூடுங்க!" பின்வரிசையும் தட்டுத் தடுமாறி நின்றது. கண்ணை மூடிக் குனிந்திருந்த பாக்கியத்தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டு நின்ற ஆலயத்தில் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கொண்டு போயிராதியய்யா. நான் பாவிய்யா. எனக்கு மனசில்லய்யா. எம் புள்ளைய விட்டிருங்கய்யா."

சாலமோன் முகம் வெளுத்தது. "அம்மா" என்றான். அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஞானப்பூ தரையில் உட்கார்ந்து அவளை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வெக்கப்படாத தாயி. நானும் இதத்தான் சொன்னேன். நான் குடுக்கல. கிருபாபுரத்துத் தாய்னு ஒருத்தியும் கெடையாது. புள்ளைய விட்டிருங்கன்னு கெஞ்சுனேன், பாட்டுல கேக்கல. நேத்தே ஒங்கிட்டச் சொல்லியிருக்கணும். எனக்கு எம் புள்ள படத்தப் பாக்கணும்னு ஆச. அதான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

சாலமோன் வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முந்தானையை மெல்ல விலக்கினான். பிறகு, "நேத்து சரின்னு சொன்னியேம்மா" என்றான், அழுகையோடு. "இன்னிக்குப் போவல. நீ எந்திரி" என்றான். பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி ஓங்கி அழ ஆரம்பித்தாள். அவள் பக்கத்து ஊர்க்காரி, போன ஐப்பசியில் முழங்காலில் நின்று மகனைக் கொடுத்தவள். ஆராதனையை முடிக்க ஒரு ஜெபமும் யாருக்கும் வரவில்லை. சனம் ஒவ்வொருவராக வெளியே போனது.

ஆலயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் யோவேல் ஐயா தனியாக நின்றுகொண்டிருந்தார். ஞானப்பூ போய் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமலே பேசினார்.

"இனிம ஒங்களக் கூட்டிட்டுப் போவ சங்கத்தார் சம்மதிக்க மாட்டாங்கம்மா."

"தெரியுங்கய்யா. படமும் இனிம இல்லன்னு தெரிஞ்சுதான் நிறுத்துனேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கோயில் மண்ணுல நிக்கிய, உள்ளதச் சொல்லுங்க. அன்னைக்கு நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுதா?"

யோவேல் ஐயா அங்கியின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"கேட்டுதும்மா. எல்லாம் கேட்டுது." பிறகு அவசர அவசரமாகச் சொன்னார். "அவன் போவணும்னு நின்னான். நீங்க வேண்டாம்னிய. நான் அவன் பேச்ச எடுத்துக்கிட்டேன். அவ்வளவு பெரிய வேலை, ஆள் இல்ல. ஒரு தாய் அழுதான்னு விட்டா ஒருத்தனும் போவ மாட்டான்னு நெனைச்சேன். அவன் திரும்பி வந்திருவான், அப்ப நீங்களே என்ன வாழ்த்துவியன்னு நெனைச்சேம்மா."

அவள் திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். ஞானப்பூவுக்குத் திட்ட வரவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு கை தானாகவே கழுத்துக்குப் போனது.

"கேட்டுதா" என்றாள். "அய்யோ, நான் பையச் சொல்லிட்டேன்னுல்லா நெனைச்சேன். இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருந்தா எம் புள்ள இருந்திருப்பான்னு, இத்தன நாளும் இந்தத் தொண்டையத்தானய்யா நான் வைஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்."